இருபத்தொன்று இன்னும் வரவில்லை

டைம்கீப்பரை நான் முதன்முதலில் பார்த்தபோது அவர் போனில் யாரையோ விசாரித்துக்கொண்டிருந்தார்.

"அஞ்சும் அஞ்சு ஏ-வும் வந்துடுச்சா? சண்டையா? சரி, அது எப்பவும் உள்ளதுதான். நூறு? நிக்காமப் போயிடுச்சா. போகட்டும். முப்பத்திரண்டு குளிச்சுதா?"

பேருந்து டிப்போ அலுவலகத்தில் உதவியாளராகச் சேர்ந்து எனக்கு அன்றைக்கு இரண்டாம் நாள். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். விலங்கியல் பட்டம், அதுவும் முதல் வகுப்பு. பஸ்ஸை யாராவது கழுவுவார்களே தவிர அது தானாகக் குளிக்காது என்பது வரைக்கும் எனக்குத் தெரிந்திருந்தது. அவர் போனை வைத்ததும் வணக்கம் சொன்னேன்.

"அண்ணே, ஆபீஸ்ல புதுசாச் சேர்ந்திருக்கேன். டிரிப் ஷீட் வாங்கிட்டு வரச் சொன்னாங்க. விலங்கியல் படிச்சிருக்கேன், ஃபர்ஸ்ட் கிளாஸ். எங்க குடும்பத்துலயே நான்தான் முதல் பட்டதாரி."

அவர் என்னைப் பார்க்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஒம்பது மணிக்கு வரவேண்டிய ஆளு, ஒம்பது பதினொண்ணு" என்றார்.

போனின் மறுமுனையில் இருந்தவர் அவர் மனைவி. ஐந்தும் ஐந்து ஏ-வும் ஒரு ஜோடி மைனா. நூறு என்பது பருந்து, முப்பத்திரண்டு தேன்சிட்டு. இதெல்லாம் பிறகு மெல்ல மெல்லத் தெரிந்தது. மீதியை இருவரும் தனித்தனியாகச் சொல்லக் கேட்டேன். ஒருவர் சொன்னதை மற்றவர் மறுத்த இடங்களில், நேரத்துக்கு அவரையும் மற்றதற்கெல்லாம் அந்தம்மாவையும் நம்பியிருக்கிறேன்.

டைம்கீப்பர் வேலை கேட்பதற்குச் சுலபம். டிப்போ வாசலில் ஒரு கேபின், இரண்டு பக்கமும் ஜன்னல். வண்டி உள்ளே வந்தால் நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், வெளியே போனாலும் அதேதான். எழுதுவதற்கு முன் வண்டியைக் கண்ணால் பார்க்க வேண்டும். மற்ற டைம்கீப்பர்கள் ஓட்டுநர் சொல்வதைக் கேட்டும் எழுதுவார்கள், டீக்கடையில் இருந்துகொண்டும் எழுதுவார்கள். இவர் முப்பத்தோரு வருஷமாகப் பார்க்காத வண்டிக்குக் கையெழுத்துப் போட்டதில்லை. மனைவியின் தம்பியும் அதே டிப்போவில் ஓட்டுநராக இருந்தவன். ஒருநாள் அவன், தான் சரியான நேரத்துக்கு வந்துவிட்டதாகவும் வாசலை மறித்து நின்ற தண்ணீர் லாரியால் உள்ளே நுழைய இரண்டு நிமிடம் ஆகிவிட்டதாகவும் சத்தியம் செய்தான். டைம்கீப்பர் இரண்டு நிமிடம் தாமதம் என்றே எழுதினார். தம்பிக்கு மெமோ வந்தது. அதன்பிறகு அவன் இரண்டு வருஷம் அக்கா வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

இன்னொரு விதியும் உண்டு. இரவு ஷிஃப்ட்டில் கடைசி வண்டி உள்ளே வராமல் டைம்கீப்பர் கேபினைப் பூட்டிக்கொண்டு போகக் கூடாது. வண்டி வழியில் படுத்துவிட்டால் அதற்கும் தகவல் வர வேண்டும். தகவல் வராதவரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அவர் அப்படி உட்கார்ந்திருக்கிறார்.

பறவைக் கதை தொடங்கியது நான் வேலைக்குச் சேர்வதற்குப் பதினோரு வருஷத்துக்கு முன்னால், ஒரு அக்டோபரில். டிப்போவில் சிந்திக் கிடந்த ஆயிலில் கால் வைத்து வழுக்கி, கணுக்காலை உடைத்துக்கொண்டார். ஆறு வாரம் மாவுக்கட்டு. இரண்டாவது மாடி, பின்பக்க வீடு, சமையலறை ஜன்னலோரம் ஒரு நாற்காலி. எழுதுவதற்கு எதுவும் இல்லாமல் மூன்று நாள் இருந்தார். நான்காம் நாள், மனைவியின் குக்கரில் விசில் எத்தனை மணிக்கு வந்தது என்பதை எழுதி வைத்திருந்தார். ஐந்தாம் நாள் அந்தம்மா பீரோவின் அடியிலிருந்து, அச்சுப்பிழை என்று டிப்போவில் ஒதுக்கிய ஒரு பழைய பதிவேட்டை எடுத்து அவர் மடியில் போட்டு, "ஜன்னலுக்கு வெளிய என்ன வேணா எழுதுங்க. என் அடுப்புப் பக்கம் மட்டும் திரும்பாதீங்க" என்றாள்.

ஜன்னலுக்கு நேர் எதிரே பக்கத்துக் கட்டடத்தின் சிமெண்ட் தண்ணீர்த் தொட்டி. அதற்கு அப்பால் ஒரு வாதுமை மரம், கேபிள் ஒயர்கள், ஒரு தகரக் கூரை. தொட்டி மூடியின் மேல் ஒரு சிறிய பறவை நடந்துகொண்டிருந்தது. சாம்பல் முதுகு, வெள்ளை முகம், நீள வால். வாலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய்வந்தது. நடக்க முடியாத ஆளின் எதிரில் வேண்டுமென்றே நடந்து காட்டுகிற மாதிரி இருந்தது. பதிவேட்டில் அச்சடித்த பத்திகள் ஏற்கெனவே இருந்தன: தடம், உள்ளே, வெளியே, குறிப்பு. பறவையின் பெயர் அவருக்குத் தெரியாது. தடம் பத்தியில் 21 என்று போட்டார். அந்த டிப்போவிலேயே மிகத் தொலைவுக்குப் போய்வரும் வண்டி இருபத்தொன்றுதான். உள்ளே: காலை 7.12. குறிப்பு: "நடக்கிறது. தத்துவதில்லை."

அதுதான் முதல் பதிவு. கால் சரியாகி வேலைக்குப் போன பிறகும் காலை ஏழிலிருந்து எட்டரை வரை ஜன்னல், சாயங்காலம் வீடு திரும்பியதிலிருந்து இருட்டும் வரை ஜன்னல். நடுவே போனில் மனைவியிடம் கேட்பது தகவல் மட்டும்தான், பதிவு ஆகாது. அதுவும் நல்லதாகப் போயிற்று. போன் வந்தால் அந்தம்மா ஜன்னல் பக்கம் திரும்பாமலேயே, "வந்துச்சு, குளிச்சுது, போயிடுச்சு" என்று சொல்லிவிட்டுக் கடுகைத் தாளிப்பாள்.

வருஷத்துக்கு ஒரு முறை கால அட்டவணை போடுவார். ஒன்றாம் தடம் காகம்: நகரப் பேருந்து, நாள் முழுக்க ஓடும், எங்கே வேண்டுமானாலும் நிற்கும். சிட்டுக்குருவி மினிபஸ். புறாவுக்குத் தடமே தரவில்லை. "அது ஓடற வண்டியே இல்ல, நிறுத்தி வெச்ச வண்டி" என்பார். குயிலுக்கு எண் உண்டு, ஆனால் பதினோரு வருஷத்தில் உள்ளே நேரம் ஒன்றுகூட இல்லை. குறிப்பில் மட்டும் "ஹாரன் கேட்டது" என்று எழுபத்து மூன்று இடத்தில் இருக்கிறது.

ஜனவரிப் பக்கங்களில் கேபிள் ஒயர் நிறையத் தகைவிலான் குருவிகள். "நாற்பத்தாறு வண்டி. வரிசையாக நிற்கின்றன. ஒன்றும் கிளம்பவில்லை." மார்ச் கடைசியில் இருபத்தொன்று வடக்கே போய்விடும். அது கிளம்புவதை அவர் ஒருமுறையும் பார்த்ததில்லை என்பதால் வெளியே பத்தியில் நேரம் போடாமல் "கடைசியாகப் பார்த்தது" என்று தேதி மட்டும் எழுதுவார். ஏப்ரலில் காகம் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தால் "ரேடியேட்டரில் தண்ணீர் இல்லை" என்று எழுதிவிட்டு, ஜன்னல் விளிம்பில் ஒரு கிண்ணம் தண்ணீர் வைப்பார். அது சாம்பார் கிண்ணம் என்று மனைவி நான்கு நாள் பேசவில்லை. ஒரு வருஷம் ஜூனில் காகம் வாதுமை மரத்தில் கேபிள் ஒயரைக் கொண்டே கூடு கட்டியது, கட்டடம் முழுக்க இரண்டு நாள் டிவி வரவில்லை. ஒயரை அறுத்தது யார் என்று எல்லோரும் ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்டார்கள். அவரிடம் நேரத்தோடு பதிவு இருந்தது. யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அதே கூட்டில் ஜூலையில் ஒரு குயில் குஞ்சைக் காகம் ஊட்டி வளர்த்தது. குறிப்பு: "வேறு டிப்போ வண்டி. நம் டிப்போ டீசல்." ஆகஸ்ட் மழையில் எல்லா வண்டிகளும் மரத்துக்குள் ஒதுங்கிவிடும், "சேவை நிறுத்தம்" என்று ஒற்றை வரி. செப்டம்பரில் பெரிதாக ஒன்றும் நடக்காது. அக்டோபர் பதினொன்றுக்கும் பத்தொன்பதுக்கும் இடையே ஏதோ ஒரு நாள், தொட்டி மூடியின் மேல் இருபத்தொன்று நடக்கும்.

அதன் பெயர் வாலாட்டி என்று நான்தான் சொன்னேன். எங்கிருந்து எவ்வளவு தூரம் பறந்து வருகிறது என்றும் படித்ததையெல்லாம் ஒப்பித்தேன். "பேரு இருக்கட்டும் தம்பி, அத ஆபீஸ்ல வெச்சுக்க. கேபின்ல நம்பர்தான்" என்றார். ஆனாலும் அந்தத் தூரத்தை இன்னொரு முறை சொல்லச் சொன்னார்.

நான் வேலைக்குச் சேர்ந்த அந்த வருஷம்தான் அந்தம்மாவின் முழங்கால் முழுசாக மக்கர் பண்ணியது. தெருவிலிருந்து வீட்டுக்கு நாற்பத்து நான்கு படி, லிஃப்ட் கிடையாது. முதலில் தினமும் இறங்கி ஏறினாள். பிறகு வாரம் ஒருமுறை. "இன்னும் படி ஏறினா அப்புறம் என்கிட்ட வராதீங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகள் இருக்கும் தெருவில் ஒரு கீழ்வீடு காலியானது. மரக்கடைக்காரரின் வீடு. வாசலில் ஒரே ஒரு படி. அந்தம்மா போய்ப் பார்த்தாள். அந்த ஒரு படியில் ஏறி இறங்கி, மறுபடி ஏறி இறங்கி, "இதுல ஏறினா ஏறின மாதிரியே இல்லடி" என்று மகளிடம் சொன்னாள்.

டைம்கீப்பர் மறுக்கவில்லை. "போயிடலாம். இருபத்தொண்ணு வரட்டும். வந்த மறுநாள் கிளம்பிடலாம்" என்றார்.

"அது எதுக்குங்க வரணும்? நாம போறதுக்கு அது வந்து வழியனுப்பணுமா?"

"கடைசி வண்டி உள்ள வராம கேபினைப் பூட்டக் கூடாது."

"அது டிப்போ ரூலு. இது வீடு."

"அவ்ளோ தூரத்துல இருந்து வருது. வந்து பாத்தா ஜன்னல்ல ஆளில்லன்னா?"

"ஆமா, ஆரத்தி எடுக்க ஆளில்லைன்னு அழும்."

மரக்கடைக்காரரிடம் அக்டோபர் இருபதுக்குள் வருவதாகச் சொன்னார்கள். அவரும் மாதக் கடைசி வரை பொறுப்பதாகச் சொன்னார்.

பத்தாம் தேதிக்குள் அந்தம்மா வீட்டை மூட்டை கட்டிவிட்டாள். வெளியே மிஞ்சியவை இரண்டு தட்டு, ஒரு டம்ளர், ஒரு பாத்திரம், ஒரு பாய், நாற்காலி, பதிவேடு. கரண்டி எந்தப் பெட்டியில் போனது என்று தெரியவில்லை. அன்றிலிருந்து டம்ளரால்தான் குழம்பை ஊற்றினாள். பத்தொன்பது போயிற்று. இருபது, இருபத்திரண்டு, இருபத்து நான்கு. தொட்டி மூடியின் மேல் காகம் வந்தது, மைனா வந்து சண்டை போட்டது, ஒரு புறா வந்து நின்றுவிட்டது. டைம்கீப்பர் லீவு போட்டுவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். முப்பத்தோரு வருஷத்தில் மாவுக்கட்டுக்கு அடுத்தபடியாக அவர் போட்ட பெரிய லீவு அதுதான்.

"கேன்சல்னு எழுதிட்டுக் கிளம்ப வேண்டியதுதானே?" என்று மனைவி கேட்டாள்.

"தகவல் இல்லாம கேன்சல் போட முடியாது."

"யார் தகவல் குடுப்பா? அதோட பொண்டாட்டியா?"

இருபத்தாறாம் தேதி மரக்கடைக்காரர் போன் செய்தார். வேறொரு குடும்பம் கேட்பதாகவும், முப்பதாம் தேதிக்குள் வராவிட்டால் அவர்களுக்குக் கொடுத்துவிடுவதாகவும் தன்மையாகவே சொன்னார். அந்தம்மா கணவரிடம் அதை ஒருமுறை சொன்னாள். இரண்டாம் முறை சொல்லவில்லை. அவள் இரண்டாம் முறை சொல்லாதது அவருக்கு என்னவோபோல் இருந்தது. மறுநாள் லீவு முடிந்து வேலைக்குப் போனார்.

இருபத்தெட்டாம் தேதி சாயங்காலம் ஆறு இருபதுக்கு அவர் திரும்பியபோது, கீழே கடை வைத்திருக்கும் தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார்.

"சார், உங்க வீட்ல சொல்ல வேண்டாம்னாங்க. ஆனா மனசு கேக்கல. காலையில மாத்திரை வாங்க இறங்கி வந்தாங்க. முதல் திருப்பத்துல உக்காந்துட்டாங்க. மேலயும் போக முடியல, கீழயும் வர முடியல. முக்கால் மணி நேரம் சார். நான்தான் ஸ்டூல் குடுத்தேன். 'எதுக்கு ஸ்டூலு, படியே ஸ்டூலு மாதிரிதான் இருக்கு'ன்னு சிரிச்சாங்க. ஆனா கண்ணுல தண்ணி."

அவர் படி ஏறினார். முதல் திருப்பத்தில் ஸ்டூல் இன்னும் கிடந்தது.

அந்தம்மா அடுப்புக்கு எதிரில், ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றிருந்தாள். அவர் செருப்பைக் கழற்றும் முன்பே, "வந்துச்சு" என்றாள்.

"எது?"

"உங்க இருபத்தொண்ணு."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "எத்தனை மணிக்கு?"

"மூணு, மூணே கால் இருக்கும்."

"மூணா, மூணே காலா?"

"மூணு பன்னெண்டு" என்றாள். எந்த மாதிரி நேரம் சொன்னால் அவருக்குப் பிடிக்கும் என்பது முப்பது வருஷத்தில் தெரியாமலா போகும்?

"எங்க உக்காந்துச்சு?"

"தொட்டி மேலதான். வேற எங்க, என் தலையிலயா?"

"என்ன நிறம்?"

"சாம்பல். மூஞ்சி வெள்ளை. வால ஆட்டுச்சு. பதினோரு வருஷமா இதையே கேட்டுக் கேட்டு எனக்கே வால் முளைச்சிடும்போல இருக்கு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? அந்த மூடி மேல தத்தித் தத்திப் போச்சு. இப்படி." இரண்டு விரல்களைச் சேர்த்து வைத்துச் சமையல் மேடையின் மேல் தத்திக் காட்டினாள். மூன்று தத்து.

டைம்கீப்பர் அந்த விரல்களைப் பார்த்தார். தத்துவது சிட்டுக்குருவி. பிறகு அவள் முழங்காலைப் பார்த்தார். அதில் துணி சுற்றியிருந்தது, சேலைக்கு மேலேயே வீக்கம் தெரிந்தது. தாமதத்துக்கு அச்சு முறிந்தது, டயர் வெடித்தது என்று ஓட்டுநர்கள் சொன்ன ஆயிரம் கதைகளை ஒரே கேள்வியில் உடைத்தவர் அவர். இங்கே அந்த ஒரு கேள்வியும் தேவைப்படவில்லை.

பதிவேட்டை எடுத்தார். தடம்: 21. உள்ளே: 3.12. கையெழுத்துப் போட்டார். குறிப்புப் பத்தியில் பேனாவைக் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு எடுத்தார். அங்கே ஒரு புள்ளி மட்டும் விழுந்தது.

"உன் தம்பிக்குப் போன் போடு. நாளன்னிக்கு வண்டி எடுத்துட்டு வரச் சொல்லு" என்றார்.

அந்தம்மா திரும்பிப் பார்த்தாள். அவர் இவ்வளவு சீக்கிரம் நம்பியதைத்தான் அவளால் நம்ப முடியவில்லை.

முப்பதாம் தேதி தம்பி சிறிய லாரியோடு வந்தான். டிப்போவை விட்டுச் சொந்த வண்டி ஓட்டி ஏழெட்டு வருஷம் ஆகிறது. ஆனாலும் மெமோவை மறந்தபாடில்லை.

"மாமா, எட்டு மணின்னு சொன்னீங்க. ஏழு அம்பத்தெட்டுக்கு வாசல்ல நிக்கிறேன். உங்க கையால ஒருதடவையாவது சரியா எழுதுங்க. வாசல்ல தண்ணி லாரி எதுவும் இல்ல, பாத்துக்கோங்க."

"எழுதிட்டேன்" என்றார் டைம்கீப்பர். உண்மையாகவே எழுதியிருந்தார்.

பெட்டிகள் எல்லாம் இறங்கின. கரண்டி மூன்றாம் பெட்டியில் இருந்ததாகத் தம்பி கீழேயிருந்து கத்தினான். வீட்டில் மிஞ்சியது நாற்காலிதான். அதை எடுக்க டைம்கீப்பர் சமையலறைக்குப் போனார். எதையாவது விட்டுவிட்டோமா என்று பார்க்க அந்தம்மாவும் பின்னாலேயே வந்தாள்.

தொட்டி மூடியின் மேல் இருபத்தொன்று நடந்துகொண்டிருந்தது.

இளைத்திருந்தது. ஒரு கோடி வரை போய்த் திரும்பி, மறு கோடி வரை வந்தது. வால் மேலும் கீழும் ஆடியது. பதினோரு வருஷத்தில் அந்தம்மா ஜன்னல் வழியாக ஒரு பறவையை முழுசாகப் பார்த்தது அன்றைக்குத்தான். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு அதன் கால்களையே பார்த்தாள். ஒரு கால், பிறகு இன்னொரு கால்.

"நடக்குது" என்றாள்.

"ஆமா."

"தத்தலையே."

"தத்தாது."

கீழே தம்பி ஹாரன் அடித்தான்.

"அன்னிக்கே தெரியுமா?"

"தம்பி கூப்பிடறான் பாரு."

"கேக்கறேன்ல."

"முக்கால் மணி நேரம் படியில உக்காந்திருக்க. நீ சொன்னியா?"

அந்தம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "சரி, இப்ப எழுதுங்க. பதிவேடு பையிலதான இருக்கு?"

"ஏற்கெனவே உள்ள வந்த வண்டி. திரும்ப எப்படி எழுதறது?" என்று சொல்லி ஜன்னலைச் சாத்தினார். பிறகு என்ன நினைத்தாரோ, மறுபடி திறந்து, விளிம்பில் இருந்த கிண்ணத்தைத் தண்ணீரோடு அங்கேயே விட்டுவிட்டுச் சாத்தினார்.

ஒரு கையில் நாற்காலி, மறு கையில் மனைவியின் கை. நாற்பத்து நான்கு படியையும் அப்படியே இறங்கினார்கள். நடுவில் முதல் திருப்பத்தில் ஸ்டூலில் ஒருமுறை உட்கார்ந்தார்கள், இருவரும் மாறி மாறி. மொத்தம் பதினோரு நிமிடம் ஆனது என்கிறான் தம்பி. டைம்கீப்பர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

அடுத்த மார்ச்சில் அவர் ஓய்வு பெற்றார். இப்போதும் மரக்கடைக்காரரின் கீழ்வீட்டில்தான் இருக்கிறார்கள். ஜன்னலுக்கு எதிரே ஒரு மதில், ஒரு பப்பாளி மரம், பக்கத்து வீட்டுத் துணிக்கொடி. புதுப் பதிவேடு போட்டிருக்கிறார், இதுவரை பதினேழு தடம். அந்தம்மா காலையும் மாலையும் மகள் வீடு வரை நடந்துவிட்டு வருகிறாள். அவர் கடைத்தெருவுக்குப் போனால் இப்போதும் போன் செய்து கேட்கிறார். அந்தம்மா ஜன்னலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து பதில் சொல்கிறாள், சில நாள் அவளே எழுதிக் கையெழுத்தும் போட்டு வைக்கிறாள். கிண்ணத்துக்குப் பதில் கிண்ணம் வாங்கவில்லை. பழைய பதிவேட்டை எனக்குக் காட்டினார்கள். இருபத்தெட்டாம் தேதிக் குறிப்பில் அந்த ஒரு புள்ளிதான் இருக்கிறது. அக்டோபர் வந்தால் டைம்கீப்பர் பழைய கட்டடத்துக்குப் போய், தையல்காரரிடம் ஸ்டூல் வாங்கி மொட்டை மாடியில் போட்டு, தொட்டியைப் பார்த்தபடி உட்காருகிறார். போன வருஷம் பதினாலாம் தேதி வந்தது, காலை ஏழு நாற்பது. அவர் கண்ணால் பார்த்து எழுதியிருக்கிறார்.